சாயில் நெய்ல் சுவர் சுமையில் எப்படி உருமாறும்? 14 மி.மீ. நகர்ந்தால் பயப்பட வேண்டுமா?

கேள்வியின் சுருக்கம்: கோவை சரவணம்பட்டி பக்கம், தரைக்குக் கீழே இரண்டு தளம் போகும் கட்டடத்துக்கு 8 மீட்டர் செங்குத்தாக வெட்டி, சாயில் நெய்ல் (மண்ணில் துளையிட்டுச் செருகும் எஃகுக் கம்பி) போட்டு, முகத்தில் ஷாட்கிரீட் (பீய்ச்சி அடிக்கும் கான்கிரீட்) அடித்திருக்கிறார்கள். மேலே 2 மீட்டர் கரிசல், அதற்குக் கீழே செம்மண், 6 மீட்டருக்குப் பிறகு சிதைந்த பாறை. கம்பி 25 மி.மீ., நீளம் 7 மீட்டர், துளை 125 மி.மீ., இரு திசையிலும் 1.5 மீட்டர் இடைவெளி. வெட்டு முடிந்தபோது மேல் விளிம்பு 14 மி.மீ. வெளியே வந்திருக்கிறது. விளிம்பை ஒட்டி ரெடிமிக்ஸ் லாரி நிற்கிறது, கம்பிக்கட்டும் அடுக்கியிருக்கிறது. 4 மீட்டர் தள்ளிப் பக்கத்து வீடு. சுவர் தோற்றுவிட்டதா, சுமை ஏற ஏற இன்னும் எவ்வளவு நகரும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

14 மி.மீ. மட்டும் பயப்படுவதற்கான எண் இல்லைங்க. அது எந்த இடத்தில் நகர்ந்தது, எப்போது நகர்ந்தது, வெட்டு நின்ற பிறகு நின்றதா என்ற மூன்றும் தெரிந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் வரும். சாயில் நெய்ல் சுவர் நகராமல் வேலை செய்யாது. இதைப் புரிந்துகொண்டால் மற்றது எல்லாம் தானாக விளங்கும்.

நெய்ல் என்பது முன்கூட்டியே இழுத்துப் பூட்டிய ஆங்கர் இல்லை. துளை போட்டு, கம்பியை நுழைத்து, கிரவுட் (சிமெண்ட் குழம்பு) ஊற்றி, பிளேட்டும் நட்டும் மாட்டிய அன்றைக்கு அந்தக் கம்பியில் இழுவிசை ஏறக்குறைய பூஜ்யம். அதற்குக் கீழே அடுத்த 1.5 மீட்டரை ஹிட்டாச்சி தோண்டும்போதுதான் பின்னால் இருக்கும் மண் முன்னால் வர முயல்கிறது. கம்பி அதோடு சேர்ந்து நீள்கிறது, அப்போதுதான் விசை ஏறுகிறது. அதனால் முதல் வரிசை நெய்ல் தனக்குக் கீழே நடக்கும் ஒவ்வொரு வெட்டையும் தாங்குகிறது. கடைசி வரிசைக்குக் கீழே தோண்ட ஒன்றும் பாக்கி இல்லாததால் அது கிட்டத்தட்ட சும்மா இருக்கிறது. சுவர் உருமாறும் வடிவம் இதிலிருந்தே வருகிறது. மேல் விளிம்பு அதிகமாக வெளியே வரும், கீழே போகப் போகக் குறையும், அடியில் சொற்பம். மேல் விளிம்பு முன்னால் வரும் அளவுக்கே ஏறக்குறைய கீழேயும் இறங்கும். ஸ்ட்ரட் (குறுக்கே வைக்கும் முட்டு) கொடுத்துத் தாங்கிய வெட்டு நடுவில் வயிறு தள்ளும். நெய்ல் சுவர் நடுவில் வயிறு தள்ளினால் அது இயல்பான உருமாற்றம் இல்லை, அந்த உயரத்தில் ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்பியின் நீளம் நெடுகிலும் விசை ஒரே அளவில் இருக்காது. சுவரின் முகத்தில் கொஞ்சம் குறைவு, உள்ளே போகப் போக ஏறி ஓர் இடத்தில் உச்சம், அதைத் தாண்டி இறங்கிக் கடைசி முனையில் பூஜ்யம். ஒவ்வொரு வரிசையின் உச்சப் புள்ளியையும் ஒரு கோட்டால் சேர்த்தால், அந்தக் கோடு சுவரின் அடியில் தொடங்கி, தரைமட்டத்தில் முகத்திலிருந்து உயரத்தின் 0.3 முதல் 0.4 மடங்கு தள்ளி முடியும். உங்கள் சுவரில் அது 2.4 முதல் 3.2 மீட்டர். கோட்டுக்கு முன்னால் இருப்பது நகர முயலும் மண், பின்னால் இருப்பது பிடித்து நிறுத்தும் மண். முகத்தில் பிளேட்டுக்கு வரும் விசை உச்சத்தில் 0.6 முதல் 1 மடங்கு வரை அளக்கப்பட்டிருக்கிறது. ஷாட்கிரீட் மெலிதாக இருந்தும் தாங்குவது இதனால்தான். பெரும்பாலும் பளு முழுவதும் அதன் மேல் வருவதில்லை.

உங்கள் சுவருக்கே கணக்குப் போடலாம். கரிசலை ஒதுக்கிவைத்து, மண்ணின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன், உராய்வுக் கோணம் 30 பாகை என்று எடுத்தால், பக்க அழுத்தக் கெழு (மேலிருந்து வரும் அழுத்தத்தில் பக்கவாட்டில் தள்ளும் பங்கு) 0.33. கெழு, அடர்த்தி, 8 மீட்டர் மூன்றையும் பெருக்கினால் 48. அளந்த பல சுவர்களில் மேல் மூன்றில் இரண்டு பங்கு உயரத்துக்கு நெய்லின் உச்ச விசை சராசரியாக இதில் 0.75 மடங்குக்கு ஒத்துவருகிறது. அதாவது சதுர மீட்டருக்கு 36 கிலோநியூட்டன். ஒரு நெய்ல் பார்க்கும் பரப்பு 1.5க்கு 1.5, ஆக 81 கிலோநியூட்டன், கிட்டத்தட்ட 8 டன். கீழ் மூன்றில் ஒரு பங்கில் இது பாதியளவுக்கு இறங்கிவிடும். 25 மி.மீ. எஃப்இ 500 ரகக் கம்பியின் குறுக்குவெட்டு 491 சதுர மி.மீ., நெகிழ்வு எல்லை (இதைத் தாண்டினால் கம்பி நிரந்தரமாக நீண்டுவிடும்) 245 கிலோநியூட்டன். ஆக, கம்பி அறுவது உங்கள் கவலை இல்லை.

நீட்சி எவ்வளவு? கிரவுட் சிறு இழுவையிலேயே குறுக்கே விரிசல் விட்டுவிடும், அதனால் எஃகை மட்டும் கணக்கில் எடுப்போம். 81 கிலோநியூட்டனுக்கு ஒரு மீட்டர் கம்பி 0.8 மி.மீ. நீளும். விசை முகத்திலும் முனையிலும் குறைவதால் 7 மீட்டருக்கும் சேர்த்து 3, 4 மி.மீ. தேறும். அப்படியானால் 14 மி.மீ. எங்கிருந்து வந்தது? மீதி, கிரவுட்டுக்கும் மண்ணுக்கும் இடையே நடந்த வழுக்கல், நெய்ல் போடுவதற்கு முன்பே திறந்த முகத்தில் தளர்ந்த மண், நெய்ல் போட்ட மண் கட்டி முழுவதும் ஒன்றாகச் சாய்ந்த சாய்வு ஆகியவை. கம்பியைத் தடிமனாக்கினால் நகர்வு குறையும் என்று பலர் நினைப்பது இங்கேதான் தவறுகிறது. 25ஐ 32 ஆக்கினால் இந்த 3, 4 மி.மீ.யில்தான் கொஞ்சம் மிச்சம். மேல் வரிசைகளின் நீளத்தைக் கூட்டுவதும், வெட்டும் படியின் உயரத்தைக் குறைப்பதும் பல மடங்கு பலன் தரும்.

எதிர்பார்க்கக் கூடிய நகர்வுக்கு அமெரிக்க நெடுஞ்சாலைத் துறை வழிகாட்டியில் இருக்கும் அளவுகோல் இது: சிதைந்த பாறையிலும் கெட்டி மண்ணிலும் உயரத்தில் ஆயிரத்தில் ஒன்று, மணற்பாங்கான மண்ணில் ஐந்நூறில் ஒன்று, களிப்பாங்கான மண்ணில் முந்நூற்று முப்பத்து மூன்றில் ஒன்று. 8 மீட்டருக்கு முறையே 8, 16, 24 மி.மீ. உங்கள் 14 இந்த வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனால் அந்த அளவுகோலோடு நிபந்தனைகளும் உண்டு. நெய்ல் நீளம் உயரத்தில் 0.7 முதல் 1 மடங்கு, மொத்த நிலைத்தன்மைக் காப்பு (தாங்கும் வலுவுக்கும் தள்ளும் விசைக்கும் உள்ள விகிதம்) 1.5, மேலே சொல்லும்படியான சுமை இல்லாதது. மூன்றாவது நிபந்தனையைத்தான் உங்கள் லாரியும் கம்பிக்கட்டும் மீறுகின்றன.

இப்போது சுமைக்கு வருவோம். மேலே பரவலாகச் சதுர மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் ஏற்றினால், பக்கவாட்டில் 6.7 கூடும். ஒரு நெய்லுக்கு 15 கிலோநியூட்டன், அதாவது ஒன்றரை டன். கம்பியின் கூடுதல் நீட்சி 1 மி.மீ.கூட வராது. இதைப் பார்த்து சுமை ஒன்றும் செய்யாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது, ஏனென்றால் பலவீனம் கம்பியில் இல்லை, பிடிமானத்தில் இருக்கிறது. மேல் வரிசை நெய்லின் 7 மீட்டரில் ஏறக்குறைய 3 மீட்டர் நகரும் மண்ணுக்குள்ளேயே போய்விடுகிறது. பிடித்து நிறுத்த 4 மீட்டர்தான் பாக்கி. செம்மண்ணில் கிரவுட்டின் உச்சப் பிடிமானத்தைச் சதுர மீட்டருக்கு 100 கிலோநியூட்டன் என்று வைத்தால், 125 மி.மீ. துளைக்கு மீட்டருக்கு 39, நான்கு மீட்டருக்கு 157. 81க்கு எதிராக இது 1.9 மடங்கு. சுமை ஏறி 96 ஆனால் 1.6 மடங்கு. பிடிமானம் அதன் எல்லையை நெருங்க நெருங்க, ஒரே அளவு கூடுதல் விசைக்கு வழுக்கல் மேலும் மேலும் கூடும். முதல் 20 கிலோநியூட்டனுக்கு ஓரிரு மி.மீ. நகர்ந்த விளிம்பு, அடுத்த 20க்கு அதே அளவோடு நிற்கும் என்று நம்ப முடியாது. இதில் முதல் வரிசை கரிசலுக்குள் இருப்பதால், 100 என்ற எண்ணே அங்கே கிடைக்காது.

லாரிச் சுமை பரவலானதும் இல்லை. 6 கன மீட்டர் கான்கிரீட் ஏற்றிய வண்டியின் மொத்த எடை 25 டன்னுக்குக் குறையாது, அதில் பெரும்பங்கு பின் இரண்டு அச்சில். அது விளிம்பிலிருந்து 3 மீட்டருக்குள் நின்றால், முழுக்க நகரும் மண்ணின் தலையிலேயே நிற்கிறது என்று பொருள். அங்கே தாக்கம் முதல் இரண்டு வரிசைக்கும், முதல் வரிசைக்கு மேலே தொங்கும் ஷாட்கிரீட்டுக்கும்தான். அந்த மேல் துண்டு கீழே மட்டும் பிடித்த பலகைபோல வளையும். முதல் நெய்ல் தரையிலிருந்து 1 மீட்டருக்குக் கீழே போயிருந்தால் அதன் அடியில் கிடைமட்ட விரிசலைத் தேடிப் பாருங்கள். வந்து வந்து போகும் சக்கரச் சுமைக்கு இன்னொரு குணம் உண்டு. ஒவ்வொரு தடவையும் சிறு நகர்வு மிச்சமாகித் தேங்கும், வண்டி போன பிறகு சுவர் பழைய இடத்துக்குத் திரும்பாது.

முகத்தில் வரும் விரிசலையும் படிக்கத் தெரிய வேண்டும். இரண்டு வரிசைக்கு நடுவே கிடைமட்ட விரிசல் என்றால் ஷாட்கிரீட் வளைகிறது. பிளேட்டைச் சுற்றி வட்டமாக விரிசல் என்றால் பிளேட் கான்கிரீட்டைத் துளைத்துக்கொண்டு போகப் பார்க்கிறது. இரண்டாவதுதான் ஆபத்து. மேலே தரையில் விரியும் பிளவு இன்னும் தெளிவாகப் பேசும். விளிம்பை ஒட்டி அரை மீட்டருக்குள் என்றால் உள்ளூர்த் தளர்வு. இரண்டரை, மூன்று மீட்டரில் என்றால் நெய்ல்களின் பிடிமானம் தளர்கிறது. 7 மீட்டர் தாண்டி, நெய்ல் முடியும் இடத்துக்கு நேர் மேலே நீளமாகப் பிளந்தால், நெய்ல் போட்ட மண் முழுவதும் ஒரே கட்டியாக நகர்கிறது. அப்போது நெய்ல் ஒவ்வொன்றும் நன்றாகவே இருக்கலாம், நீளம் போதாது என்பதுதான் சிக்கல்.

இனி தண்ணீர். லாரியைவிட இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். கொங்கு நாட்டில் 60, 80 அடிக் கிணறுகளின் மண் பகுதி ஆதாரமே இல்லாமல் செங்குத்தாக நிற்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, நம்ம செம்மண் எதையும் தாங்கும் என்ற நம்பிக்கை உண்டு. கிணறு வட்டம், மண் தன்னைத்தானே வளைவாகத் தாங்கிக்கொள்கிறது. அதோடு, காய்ந்த செம்மண்ணின் பலத்தில் பெரும்பகுதி மண் துகள்களுக்கு இடையே இருக்கும் கொஞ்சம் ஈரத்தின் உறிஞ்சு விசை. மண் நனைந்து தெவிட்டினால் அந்தப் பலம் போய்விடும். அதே நேரத்தில் மண்ணின் எடை கூடும், கிரவுட்டின் பிடிமானம் இறங்கும். மூன்றும் ஒரே திசையில் தள்ளும். 1986இல் தொடங்கிய பிரான்சின் குளூத்தேர் ஆய்வில், மணலில் 7 மீட்டர் உயரத்துக்கு முழு அளவுச் சுவர் ஒன்றைக் கட்டி, அதை இடிக்கத் தேர்ந்த வழி மேலிருந்து தண்ணீர் விட்டு நனைப்பதுதான். முறிவுப் பரப்பு கடந்த இடங்களில் கம்பிகள் வளைந்து கிடந்தன. கம்பியின் வளைவு எதிர்ப்பு இப்படி நகர்வு பெரிதான பிறகே வேலைக்கு வரும், அதனால் சாதாரணக் கணக்கில் அதை நம்புவதில்லை.

கோவைக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். சித்திரையில் வெட்டி, வைகாசியில் 14 மி.மீ.யில் நின்றுவிட்டது என்று நிம்மதி அடைந்த சுவருக்கு உண்மையான சோதனை அப்போதுதான் வரும். நீலகிரியில் ஆழமாகச் சிதைந்த மண் சரிவுகளில் இது இன்னும் கடுமை. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. கொட்டியபோது மலை முழுக்கச் சரிவுகள் விழுந்தன. சமவெளியில் மழை மட்டும் காரணம் இல்லை. பக்கத்து வீட்டுச் செப்டிக் டேங்க், கசியும் குடிநீர்க் குழாய், சம்ப் மூன்றும் வருடம் முழுக்க மழை பெய்வதற்குச் சமம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் சுவர் தள்ளினால் முதலில் இவற்றைப் பாருங்கள்.

உங்கள் மேல் 2 மீட்டர் கரிசல் தனிச் சிக்கல். அது நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். வெடிப்பின் வழியே முதல் மழை நேராக நெய்ல் வரை இறங்கும், உப்பும் அழுத்தம் ஷாட்கிரீட்டைப் பின்னாலிருந்து தள்ளும். இப்படிப்பட்ட மண்ணை நெய்ல் போட்டுப் பிடிப்பதைவிட, இடம் இருந்தால் அந்த 2 மீட்டரைச் சரிவாக வெட்டி எடுத்துவிட்டு, செம்மண்ணிலிருந்து சுவரைத் தொடங்குவதே சரி. இப்போது காலம் கடந்துவிட்டது. விளிம்பிலிருந்து பின்னால் 3, 4 மீட்டருக்குத் தரையை மூடி, தண்ணீரை வெளியே ஓட்டும் சாய்வும் காங்கிரீட் வாய்க்காலும் கொடுங்கள். பிளவுகளைச் சிமெண்ட் குழம்பால் நிரப்புங்கள். ஷாட்கிரீட்டுக்குப் பின்னால் 300 மி.மீ. அகல வடிகால் பட்டை மேலிருந்து அடிவரை விடுபடாமல் போட்டிருக்கிறார்களா, வீப் ஹோல்கள் (தண்ணீர் வெளியேறும் துளைகள்) ஷாட்கிரீட் அடித்தபோது அடைபட்டுவிட்டனவா என்பதைக் குச்சி விட்டே பார்த்துவிடலாம். மழைக்குப் பிறகும் ஒரு துளை கூடச் சொட்டவில்லை என்றால் அது நல்ல செய்தி இல்லை.

நகர்வைக் கூட்டும் வேலைத் தவறுகளில் முதலிடம், இரண்டு படியை ஒரே தடவையில் தோண்டுவது. ஹிட்டாச்சி வாடகை ஓடுகிறது என்று 3 மீட்டர் தோண்டி இரவு முழுக்கத் திறந்து போட்டால், அந்த ஓர் இரவில் தளர்ந்த மண்ணை எந்த நெய்லும் பிறகு உள்ளே இழுக்காது. தோண்டிய அன்றே முகத்தை மூட வேண்டும். மேல் வரிசையின் கிரவுட்டும் ஷாட்கிரீட்டும் மூன்று நாளாவது இறுகிய பிறகே அடுத்த படி. கிரவுட்டைத் துளையின் வாயில் ஊற்றினால் உள்ளே காற்று சிக்கும். குழாயைக் கடைசி முனைவரை விட்டு அங்கிருந்து நிரப்பிக்கொண்டு வர வேண்டும், தண்ணீர் சிமெண்டில் 0.4 முதல் 0.5 பங்கு. கம்பி துளையின் அடியில் படுத்துவிடாமல் இருக்க இரண்டு, இரண்டரை மீட்டருக்கு ஒரு சென்ட்ரலைசர் (கம்பியை நடுவில் நிறுத்தும் தாங்கி). பிளேட் ஷாட்கிரீட்டில் முழுதாகப் பதியாமல் ஒரு பக்கம் இடைவெளி விட்டிருந்தால், அந்த இடைவெளி மூடும் வரை முகம் இலவசமாக நகரும்.

பக்கத்து வீட்டைப் பற்றி. செங்குத்துச் சுவருக்குப் பின்னால் மண் இறங்கும் அகலம் மணற்பாங்கான மண்ணில் உயரத்தில் 0.8 மடங்கு, அதாவது 6.4 மீட்டர். வீடு 4 மீட்டரில் இருப்பதால் இந்த அகலத்துக்குள்தான் வருகிறது. விளிம்பில் 14 மி.மீ. இறக்கம், அங்கிருந்து நேர்கோட்டில் குறைகிறது என்று கொண்டால் வீட்டின் முன் சுவரடியில் சுமார் 5 மி.மீ. இறங்கியிருக்கும். சாய்வு 450இல் ஒன்று. விரிசல் வரக் கூடாத கட்டடங்களுக்கு 500இல் ஒன்று என்பதுதான் வழக்கமான எல்லை, இது அதைச் சற்றே தாண்டுகிறது. கான்கிரீட் சட்டக வீடு சமாளிக்கும், மண்சாந்தில் கட்டிய பழைய ஓட்டு வீடு என்றால் கதவு மூலைகளில் கோணலாக விரிசல் வரலாம். வீட்டின் உள்ளும் புறமும் இப்போதே தேதியோடு படம் எடுத்து, இருக்கும் விரிசல்களில் குறி வைத்துவிடுங்கள். 7 மீட்டர் நெய்ல் அவர்கள் நிலத்துக்கு அடியில் போயிருந்தால், எழுத்தில் சம்மதம் வாங்கினீர்களா என்பதையும் சரிபாருங்கள். நாளை அவர் போர்வெல் போடும்போது உங்கள் நெய்லை வெட்டிவிடக் கூடும்.

அளவீடு இல்லாமல் இவை எதுவும் உறுதியாகாது. மேல் விளிம்பு, நடு, அடி மூன்றிலும் இலக்குகள் ஒட்டி, டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியால் வாரம் ஒரு தடவையும், மழை பெய்த மறுநாள் கட்டாயமும் அளங்கள். அளக்கும் ஆதாரப் புள்ளி வெட்டிலிருந்து குறைந்தது 20, 25 மீட்டர் தள்ளி இருக்கட்டும். அதுவும் சேர்ந்து நகர்ந்தால் அளவே பொய். முகத்துக்கு ஒரு மீட்டர் பின்னால் ஓர் இன்கிளினோமீட்டர் (சாய்வு அளக்கும் கருவி) குழாய் இருந்தால் எந்த ஆழத்தில் நகர்கிறது என்று நேராகத் தெரியும். வெட்டு முடிந்த பிறகும் ஆறு மாதம் வரை சிறு நகர்வு தொடர்வது இயல்பு. மொத்தத்தில் அது 15 சதவீதம் கூடலாம், உங்கள் சுவரில் 2 மி.மீ. அளவு. வாரத்துக்கு வாரம் கூடுதல் குறைந்துகொண்டே வந்தால் சரி. ஒவ்வொரு வாரமும் ஒரே அளவு கூடினால், அது 1 மி.மீ. ஆனாலும் காரணம் தேட வேண்டும். மொத்தம் உயரத்தில் 0.5 சதவீதத்தை, அதாவது 40 மி.மீ.யைத் தொடும் வரை காத்திருக்கவே வேண்டாம்.

கூடிக்கொண்டே போனால் முதல் காரியம், வெளியே கொட்டிய மண்ணையே கொண்டுவந்து சுவரின் அடியில் மேடாகப் போடுவது. ஒரே நாளில் நடக்கும், உடனே பிடிக்கும். அடுத்தது, இருக்கும் வரிசைகளுக்கு நடுவே 9, 10 மீட்டர் நீள நெய்ல்கள். தண்ணீர் காரணமென்றால் சற்றே மேல்நோக்கிச் சாய்த்துப் போட்ட வடிகால் துளைகள். ஷாட்கிரீட்டின் மேல் இன்னொரு 100 மி.மீ. அடிப்பதுதான் பலர் முதலில் செய்வது. அது முகத்தின் வளைவை மட்டும் குறைக்கும், பின்னால் வழுக்கும் மண்ணுக்கு அது இருப்பதே தெரியாது.

இதற்கெல்லாம் முன்னால், ஒப்பந்தக்காரரிடம் இழுவைச் சோதனைத் தாள்களைக் கேளுங்கள். மொத்த நெய்லில் 5 சதவீதமாவது வடிவமைப்பு விசையின் 1.5 மடங்குக்கு இழுத்துப் பார்த்திருக்க வேண்டும். அந்த விசையில் நிறுத்தி வைத்தபோது முதல் நிமிடத்திலிருந்து பத்தாவது நிமிடத்துக்குள் 1 மி.மீ.க்கு மேல் நகர்ந்திருந்தால், ஒரு மணி நேரம் பிடித்து, ஆறாவது நிமிடத்திலிருந்து அறுபதாவது நிமிடத்துக்குள் 2 மி.மீ. தாண்டவில்லை என்று காட்டியிருக்க வேண்டும். அந்தச் சோதனையில் ஒன்றாவது கரிசலில் இருக்கும் முதல் வரிசையில் நடந்ததா என்று பாருங்கள். எல்லாம் கீழே சிதைந்த பாறையில் செய்ததாக இருந்தால், மேல் வரிசையைப் பற்றி அந்தத் தாள் எதுவும் சொல்லவில்லை. லாரியையும் கம்பிக்கட்டையும் இன்றைக்கே விளிம்பிலிருந்து 3 மீட்டருக்கு அப்பால் நகர்த்தி, சக்கரம் தாண்டாதபடி கல் வரிசை வைத்துவிட்டு, மேல் வரிசையில் இரண்டு தனிச் சோதனை நெய்ல் போட்டு இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.